பத்துக்கு எட்டு

எனக்குக் கையெழுத்து அழகு. வேறெதுவும் அழகில்லை என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிவப்பு மையில் நான் எழுதினால் நிஜமான தேர்வாளர் எழுதியது போலவே இருக்கும். என் அறைத்தோழன் நெட்டை அதில்தான் மயங்கினான். அரசுப் பணித் தேர்வுக்குப் படிப்பவர்கள் மாதிரி விடை எழுதி, ஒருவருடையதை ஒருவர் திருத்துவது வழக்கம். நான் எழுதுவது குறைவு, திருத்துவது அதிகம்.

அது ஒரு விநோதமான தேர்வு. போன வருடம் கேட்டது இந்த வருடம் வராது. தேறியவனுக்கே ஏன் தேறினோம் என்று தெரியாது. தோற்றவனுக்குக் காரணம் சொல்ல ஆளே கிடையாது. நான் மூன்று முறை முதல் சுற்றிலேயே திரும்பியவன். நெட்டை இரண்டு முறை கடைசிச் சுற்று வரை போனவன். வயது வரம்பால் அவனுக்கு இதுதான் கடைசி வாய்ப்பு.

சரியான விடை எதையும் நான் தப்பு என்று போடவில்லை. அவன் நறுக்கென்று எழுதியவற்றுக்குப் பத்துக்கு நான்கு போட்டு, ‘ஆழம் போதாது’ என்று எழுதினேன். சுற்றி வளைத்து வழவழவென்று இழுத்தவற்றுக்கு எட்டு. எட்டு வாங்கிய நாளில் அவன் முகத்தைப் பார்த்தால் எனக்கே கண் கலங்கும். பத்து மாதத்தில் அவனுக்கு நேராக எழுதவே வராமல் போயிற்று. நடுவில் அவன் காய்ச்சலில் கிடந்தபோது ஈரத்துணியோடு இரண்டு நாள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்ததும் நான்தான். அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

முடிவு வந்தது. பட்டியலில் அவன் இல்லை. அறையைக் காலி செய்ய அவன் மனைவி வந்தார். நர்ஸ், மருந்துச் சீட்டையே இரண்டு தடவை படிக்கிற ஆள். நோட்டுகளைக் கட்டிக்கொண்டிருந்தவர் சட்டென்று நின்று, இரண்டு பக்கங்களை என்னிடம் நீட்டினார்.

“அண்ணே, இது எனக்கே புரியுது. இதுக்கு நாலு. இது ஒண்ணுமே புரியல. இதுக்கு எட்டு. எப்படிண்ணே?”

தேர்வே அப்படித்தானம்மா என்றேன். அவர் என் சட்டைப் பையில் இருந்த சிவப்பு மைப் பேனாவையே பார்த்தார்.

“அவனைப் போய்ச் சந்தேகப்படுறியே. தன் படிப்பை விட்டுட்டு எனக்குத் திருத்தினவன்மா” என்றான் நெட்டை.

அவர் சந்தேகம் சரிதான். விட்டிருந்தால் அவன் தேறியிருப்பான். எனக்கு முன்னால் தேறக் கூடாது என்றுதான் செய்தேன். மற்றபடி கெட்ட எண்ணம் எதுவும் இல்லை.

எனக்கு இன்னும் ஒரு வாய்ப்பு இருக்கிறது. இப்போதெல்லாம் என் விடைகளை அவனுக்குத் தபாலில் அனுப்புகிறேன். பக்கத்துக்குப் பக்கம் இரண்டு, மூன்று என்று போட்டு, ‘கேள்விக்குப் பதிலே இல்லையேடா, முதல்ல இருந்து எழுது’ என்று திருப்பி அனுப்புகிறான். கூடவே இருந்தவன் மனதில் இவ்வளவு பொறாமை இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.