பின்சீட்டின் கனம்

கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டு வந்தார்கள். ஜன்னலோரம் இருந்த இளையவள் சொன்னாள்:

“எங்க வீட்டுக்காரரு பைக்ல பின்னாடி ஷாக் அப்சார்பரை டைட் பண்ணி வச்சிருக்காருக்கா. நான் ஏறினா தூக்கித் தூக்கிப் போடுது.”

“ரோடு அந்த லட்சணத்துல இருக்குதுடி.”

“மெக்கானிக்கைக் கேட்டேன். பின்னாடி வெயிட்டு ஜாஸ்தியா ஏறினாதான் அப்படி வைப்பாங்க, அந்த வெயிட்டுக்கு லூசா இருந்தா பள்ளத்துல டம்முனு இடிக்கும்னாரு. நான் என்ன அவ்ளோ வெயிட்டா?”

“நெலத்துல வெளஞ்ச மல்லாட்டையை மூட்டையா ஏத்தியிருப்பாரு.”

“மூட்டைக்கு எதுக்குக்கா புது சீட் கவரு?”

அக்கா மடியிலிருந்த பையை இழுத்து வைத்துக்கொண்டு அவள் பக்கம் திரும்பினாள்.

“நேத்து அவருக்குத் தெரியாம மெக்கானிக்கிட்ட சொல்லி லூஸ் பண்ணிட்டேன். எவ ஏறினாலும் பள்ளத்துக்குப் பள்ளம் இடுப்பு ஒடியட்டும்னு.”

அக்கா சிரித்துவிட்டாள். “அப்புறம்?”

“ராத்திரி லேட்டாதான் வந்தாரு. காலைல பாத்தா, மறுபடியும் டைட் பண்ணியிருக்காருக்கா.”