பதினெட்டாம் பக்கம்

பத்திரிகைச் சுதந்திரத்தைப் பத்தி எனக்கு முன்னாடி பேசினவங்க சட்டம், பிரிவு எல்லாம் சொல்லிட்டாங்க. எனக்குச் சட்டம் தெரியாது. ஒரு குட்டிக் கதை தெரியும். அதைச் சொல்லிட்டு உட்கார்ந்துடுறேன்... கேக்குறீங்களா?

எங்க ஊர்ல தில்லைநாயகின்னு ஒரு டீச்சர். தாவரவியல் எடுப்பாங்க. பதினோரு வருஷமா ‘மறுகரை’ன்னு ஒரு சிற்றிதழ் நடத்துறாங்க. மூணு மாசத்துக்கு ஒரு இதழ், நானூறு பிரதி. அதைப் படிக்கிற அத்தனை பேரையும் ஒரு கல்யாண மண்டபத்துல உட்கார வச்சா பாதி நாற்காலி காலியா இருக்கும்! அப்படிப்பட்ட பத்திரிகைக்குப் போலீஸ் ஸ்டேஷன்லேருந்து போன் வருது. “ஆசிரியர் உடனே வரணும்.”

எதுக்கு? ஒரே ஒரு கட்டுரைக்கு!

எழுதினது நிரோஜான்னு இருபத்தாறு வயசுப் பொண்ணு. இலங்கையிலேருந்து வந்த குடும்பம். இங்கயே பிறந்து, அகதி முகாம்ல வளர்ந்தவ. தன் வாழ்க்கையைத்தான் எழுதியிருந்தா. அச்சுக்குப் போகும் முன்னாடி பிழை பார்த்தது நான். நாலு தடவை படிச்சேன். தமிழ் வாத்தியாரா முப்பது வருஷம் இருந்தவன் நான்... ஒரு கால்புள்ளியைக்கூட எடுக்க மனசு வரல.

அதுல பதினேழாம் பக்கத்துக் கடைசி வரி எப்படி முடியுது தெரியுமா? “இது என் நாடு இல்லை”... பக்கம் முடிஞ்சுது. ஆனா வாக்கியம் முடியல! தாளைத் திருப்பினா பதினெட்டாம் பக்கம் சொல்லுது... “என்று யாராவது என்னிடம் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். நான் பிறந்தது இந்த ஊர் ஆஸ்பத்திரியில். வேறு எந்த நாட்டையும் நான் பார்த்ததில்லை.”

யாரோ ஒருத்தர் பதினேழாம் பக்கத்தை மட்டும் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல போட்டுட்டார். ஊர் முழுக்கப் பரவிடுச்சு. ரெண்டே நாள்ல அறுபத்தோரு பேர் கையெழுத்தோட தேசவிரோதக் கட்டுரைன்னு புகார்!

டீச்சர் தனியாத்தான் ஸ்டேஷனுக்குப் போனாங்க. இன்ஸ்பெக்டர் கேக்குறார்: “ஏம்மா, இந்த நாட்டுச் சோத்தைத் தின்னுட்டு இது என் நாடு இல்லைன்னு எழுதுவீங்களா?”

டீச்சர் இதழை நீட்டினாங்க. “சார், தாளைத் திருப்பிப் படிங்க.”

திருப்பினார். படிச்சார். திரும்ப ஒரு தடவை படிச்சார். அப்புறம் அவரே கேக்குறார்: “அறுபத்தோரு பேர்ல ஒருத்தர்கூடவா இதைப் பார்க்கல?”

பார்க்கலையாம்... பெயர்ப் பட்டியலை வாங்கிப் பார்த்தாங்க டீச்சர். மருந்துக்கடைக்காரர் பேர் இருக்கு. அவங்ககிட்டயே படிச்ச பிள்ளைங்க பேர் இருக்கு. மூணாவது பேர்ல கண்ணு நின்னுடுச்சு.

நேரா என் வீட்டுக்கு வந்தாங்க. மூச்சு வாங்குது. உட்காரக்கூட இல்ல. “சார், அக்கிரமம் சார்! எவனோ உங்க கையெழுத்தைப் போலியாப் போட்டிருக்கான். கிளம்புங்க, இப்பவே நாம ஒரு புகார் கொடுப்போம்!”

நான் எந்திரிக்கல.

“டீச்சர்... அது என் கையெழுத்துதான்.”

ஆமாங்க. நான்தான் போட்டேன். என் வாசல்ல பன்னிரண்டு பேர் வந்து நின்னாங்க. “வாத்தியாரே, நீங்க நாட்டுப் பக்கமா, அந்தப் பொண்ணு பக்கமா?”ன்னு கேட்டாங்க. பேனாவை நீட்டினாங்க. யாரும் என்னை அடிக்கல, மிரட்டல. என் கை தானா நீண்டுச்சு. வாங்கினேன். போட்டேன்.

டீச்சர் என்னையே பார்த்தாங்க. “நீங்க படிச்சிருந்தீங்களே சார்...” அவ்வளவுதான். போயிட்டாங்க.

மறுநாள் காலையில ஸ்டேஷனுக்குப் போய், ‘வாக்கியம் அடுத்த பக்கத்துல முடியுது, எனக்கு அது தெரியும், பயந்துபோய்க் கையெழுத்துப் போட்டேன்’னு எழுதிக் கொடுத்தேன். ஒரு மாசத்துல புகாரை முடிச்சுட்டாங்க. ஜெயிச்சாச்சுன்னு நாலு பேர் எனக்குக் கை கொடுத்தாங்க. கொடுமை!

டீச்சர் அடுத்த இதழுக்குக் கட்டுரை கேட்க முகாமுக்குக் கிளம்பினாங்க. நானும் பின்னாடியே போனேன். நிரோஜா வாசல்லயே நின்னா. புகார் வந்ததும் அவ அப்பாவை மூணு நாள் கூப்பிட்டு விசாரிச்சிருக்காங்க. “உன் மகளுக்கு இதெல்லாம் யாரு சொல்லித் தந்தது?”ன்னு. பெயிண்ட் அடிக்கிற மனுஷன்... மகள் எழுதினதை எழுத்துக்கூட்டிப் படிக்கிறவர்.

அந்தப் பொண்ணு என்கிட்ட சொன்னா: “ஐயா, நீங்க திருத்தின தாள் ஓரத்துல ‘அருமை’ன்னு எழுதியிருந்தீங்க. அதைப் பார்த்துத்தான் அச்சுல வரட்டும்னு எனக்குத் துணிச்சல் வந்துச்சு. இனிமே நான் எழுதல ஐயா.”

என்ன பதில் சொல்றது? நீங்க சொல்லுங்க!

அந்த அறுபது பேர் படிக்காமப் போட்டாங்க. நான் படிச்சிட்டுப் போட்டேன். அவளை எழுதவிடாமப் பண்ணினது எந்தச் சட்டமுங்க? எந்த மந்திரி? ‘நான் படிச்சேன், அதுல அப்படி இல்ல’ன்னு வாசல்ல நின்னு சொல்ல ஒரு மூச்சு போதும். அந்த ஒரு மூச்சு என்கிட்ட இல்லாமப் போச்சு!

பத்திரிகைச் சுதந்திரம்னு பேசுறோம். எழுதுறவங்க எழுதிட்டாங்க. அச்சடிக்கிறவங்க அச்சடிச்சுட்டாங்க. அதுக்கப்புறம் அது நம்ம கையில இருக்கு... படிச்ச நம்ம கையில. நாளைக்கு உங்க வாசலுக்கும் பன்னிரண்டு பேர் வருவாங்க. நாடு, துரோகம்னு பெரிய பெரிய வார்த்தையாச் சொல்வாங்க. அப்ப நீங்க படிச்சதைப் படிச்சேன்னு சொல்லுங்க. குரல் நடுங்கினாலும் பரவாயில்ல... சொல்லிடுங்க.

நான் மறுநாள் காலையிலதான் சொன்னேன். அந்தப் பொண்ணு இன்னும் எழுதல.