ஒன்பதாவது படிவம்

உங்கள் விசாரணை அறையில் நீங்கள் கொடுத்திருக்கும் நாற்காலி நன்றாக இருக்கிறது. முதுகுக்குத் தாங்கல் உண்டு, சுழல்கிறது, கிரீச்சிடவில்லை. எங்கள் உளவுத்துறையில் இப்படி ஒன்று வாங்க மூன்று அதிகாரிகள் கையெழுத்துப் போட வேண்டும். ஊரில் உள்ள அத்தனை பேரின் கணினிக்குள்ளும் புகுந்து பார்க்கும் கருவியை வைத்துக்கொள்ள ஒரு கையெழுத்துப் போதும். அது என்னுடையது. பெருமைக்காகச் சொல்லவில்லை. நீங்கள் கேட்ட கேள்விக்கு அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

என் பதவியின் பெயர் பலகையில் இரண்டு வரி பிடிக்கும். வேலை என்னவோ சின்னதுதான். எங்கள் பொறியாளர்கள் ஏதாவது மென்பொருளில் ஓட்டை ஒன்றைக் கண்டுபிடிப்பார்கள். அதைத் தயாரித்த நிறுவனத்திடம் சொன்னால் அடைத்துவிடுவார்கள். சொல்லாமல் வைத்துக்கொண்டால் அது வழியாக நாங்கள் உள்ளே போகலாம். சொல்வதா, வைத்துக்கொள்வதா என்று முடிவெடுக்க ஆறு பேர் கொண்ட குழு. குழு ஒன்றாக உட்காருவதில்லை, படிவம்தான் சுற்றும். ஏழு நாளுக்குள் யாரும் எதிர்ப்பு எழுதவில்லை என்றால் எல்லோரும் ஒப்புக்கொண்டதாகப் பொருள். நான்கு வருடமாக யாரும் எழுதியதில்லை. ஆறில் ஒருவர் ஓய்வுபெற்று ஒன்றரை வருடம் ஆன பிறகும் தொடர்ந்து ஒப்புக்கொண்டிருந்தார்.

கருவிகளுக்கு வீட்டுச் சாமான்களின் பெயரைச் சீட்டுக் குலுக்கி வைப்போம். நீங்கள் விசாரிக்கும் கருவிக்கு விழுந்த பெயர் பல்குச்சி. அலுவலகங்களில், பள்ளிகளில், மருத்துவமனைகளில் இருக்கும் பழைய கணினிகள் ஒன்றோடொன்று கோப்புகளைப் பரிமாறிக்கொள்ளும் இடத்தில் ஓர் ஓட்டை. அதற்குள் போய்வரும் குச்சி. ஆறு மாதத்துக்கு ஒருமுறை படிவத்தைப் புதுப்பிக்க வேண்டும். 'பொதுமக்களுக்கு அபாயம்' என்ற கட்டத்தில் 'குறைவு' என்றும், 'காரணம்' என்ற கட்டத்தில் 'வேறு யாருக்கும் தெரியாது' என்றும் எட்டு முறை எழுதினேன். எழுதினேன் என்பதுகூட மிகை. பழையதைப் பார்த்து நகலெடுத்தேன்.

ஒரு திங்கட்கிழமை காலை எங்கள் மூத்த பொறியாளர் என் அறைக்கு வந்தார். எல்லோரும் அவரைத் தாடி என்றுதான் கூப்பிடுவோம். கதவைச் சாத்திவிட்டு நின்றார்.

"சார், பல்குச்சி வெளியே போயிடுச்சு."

"எந்தப் பல்குச்சி?"

"நம்மகிட்ட என்ன பத்தா இருக்கு? நம்ம பல்குச்சிதான் சார். திருடிட்டுப் போய் வித்துக்கிட்டிருக்காங்க. கூடவே நம்ம கையேடும் இருக்கு. சந்தேகம்னா கூப்பிடுங்கன்னு நான் போட்ட எக்ஸ்டென்ஷன் நம்பர்கூட அப்படியே இருக்கு."

"யாராவது கூப்பிட்டாங்களா?"

"சார், விளையாடற நேரமா இது? இன்னைக்கே கம்பெனிக்குச் சொல்லிட்டா அஞ்சு நாள்ல அடைச்சிடுவாங்க."

அவர் சொன்னது சரி. விதியே அதுதான்: வேறு யாருக்காவது தெரிந்துவிட்டால் அன்றே தயாரித்த நிறுவனத்துக்குச் சொல்ல வேண்டும். விதியை எழுதியவனே நான்தான், எனக்குத் தெரியாதா? ஆனால் தெரிந்துவிட்டது என்று முதலில் உறுதி செய்ய வேண்டும். உறுதி செய்ய விசாரணை வேண்டும். விசாரணைக்கு இயக்குநரின் ஒப்புதல் வேண்டும். இயக்குநரோ வெளிநாட்டு மாநாட்டில், மக்கள் நம்பிக்கையை வெல்வது எப்படி என்று நாற்பது நிமிடம் பேசப் போயிருந்தார். தொலைபேசியில் பிடித்தேன். "இந்த மாசம் என்ன மாசம்னு தெரியுமில்ல?" என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

தெரியும். கருத்துக்கணிப்பு மாதம். உளவுத்துறையை நம்புகிறீர்களா என்று வீடுவீடாகக் கேட்பார்கள். போன தடவை நூற்றுக்கு அறுபத்துநாலு பேர் ஆம் என்றார்கள். எங்கள் அதிகாரத்தைக் கூட்டும் சட்டம் ஒன்று அவையில் காத்துக்கிடந்தது. எங்கள் பெட்டியிலிருந்தே சாமான் திருட்டுப்போனது என்று தெரிந்தால் அந்த எண் என்ன ஆகும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஆகவே திருட்டுப்போன செய்தியையே உச்ச ரகசியமாக வகைப்படுத்தினேன். அந்த வகையைப் படிக்கக் குழுவின் ஆறு பேருக்கும் அனுமதி கிடையாது. வியாழக்கிழமை பல்குச்சியின் படிவம் புதுப்பிப்புக்கு வந்தது. 'வேறு யாருக்கும் தெரியாது' என்று ஒன்பதாவது முறையாக எழுதினேன். பொய் என்று சொல்லாதீர்கள். அந்தப் படிவத்தைப் படிப்பவர்கள் எவ்வளவு தெரிந்துகொள்ளலாமோ, அந்த அளவுக்கு அது உண்மை. தாடி அதைப் பார்த்துவிட்டுப் போனார். அடுத்த மாதம் வேலையை விட்டார். அந்தப் படிவத்தின் நகலை உங்களிடம் கொடுத்தவர் அவர்தான் என்பது எனக்குத் தெரியும். கோபம் இல்லை.

சனிக்கிழமை மதியம் அக்கா வீட்டுக்குச் சாப்பிடப் போனேன். அத்தான் பெரிய மருத்துவமனை ஒன்றில் கணினிகளைப் பார்த்துக்கொள்பவர். சலவை அறைக்குப் பக்கத்தில் ஜன்னல் இல்லாத ஓர் அறை, அதில் பதினெட்டு வருடம். சட்டைப்பையில் எப்போதும் ஒரு சின்னத் திருப்புளி இருக்கும். அன்று சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், வாயில் வைக்கவில்லை.

"மாப்ள, ஒண்ணு கேக்கணும். ஏதோ பெரிய தாக்குதல் வருதுன்னு நெட்ல ஒருத்தன் எழுதியிருந்தான். பயந்து போய் இன்னைக்குக் காலையில பழைய மெஷின் இருபத்திமூணோட கேபிளையும் புடுங்கிட்டேன். டாக்டருங்க என்னை உரிச்செடுக்கறாங்க. ரிசல்ட் எல்லாம் கையால தூக்கிட்டுப் போக வேண்டியிருக்காம்."

"உரிக்கட்டும். உரிச்சாலாவது தொப்பை குறையும்," என்றாள் அக்கா.

"நீ சும்மா இரு. மாப்ள, உன் காதுல ஏதாவது விழுந்துச்சா?"

"ஒண்ணும் விழலையே அத்தான்."

"அப்போ திரும்ப மாட்டிடவா?"

நான் தண்ணீர் குடித்தேன். என்னைப் பற்றி நீங்கள் என்ன நினைத்தாலும், அந்த ஒரு மிடறு நேரம் நான் யோசித்தேன் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். நகரத்தில் இத்தனை மருத்துவமனை இருக்க, உளவுத்துறை அதிகாரியின் அக்கா வீட்டுக்காரர் வேலை பார்க்கும் மருத்துவமனை மட்டும் முன்கூட்டியே கேபிளைக் கழற்றி வைத்துத் தப்பித்தால், அடுத்த நாள் பத்திரிகைக்காரன் என்ன எழுதுவான்? எங்களுக்கு முன்பே தெரியும் என்று எழுதுவான். சொந்தக்காரனுக்கு மட்டும் சொன்னோம் என்று எழுதுவான். நேர்மையான அதிகாரி அப்படிச் சலுகை காட்டலாமா?

"மாட்டிடுங்க அத்தான்," என்றேன்.

அவர் முகம் தெளிந்தது. இன்னொரு கரண்டி சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கு, பல்குச்சியை விலைக்கு வாங்கிய யாரோ நுழைந்ததில், கணினித் திரைகள் பூட்டிக்கொண்டன. எங்கெல்லாம் என்று பத்திரிகையில் படித்திருப்பீர்கள். அத்தானின் மருத்துவமனையில் மட்டும் ஏழு பேர் இறந்தார்கள். ஐந்து பேருக்குப் பரிசோதனை முடிவு திரையில் வராததால் மருந்தின் அளவை உத்தேசமாகப் போட்டிருந்தார்கள். ஒருவர் வேறு மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் வழியில். ஏழாவது பிறந்து இரண்டு நாள். பெயர் வைக்காததால் பட்டியலில் இன்னாரின் குழந்தை என்று தாயின் பெயரைப் போட்டிருந்தார்கள். வேறெங்கும் உயிர்ச்சேதம் இல்லை.

ஒன்றைக் கவனிக்கச் சொல்கிறேன். எங்கள் படிவத்தின் பின்பக்கத்தில் விளக்கக் குறிப்பு உண்டு. யாரும் திருப்பிப் பார்ப்பதில்லை. அபாயம் 'குறைவு' என்றால் பத்து உயிர் வரை. 'நடுத்தரம்' பத்துக்கு மேல். ஆக, நான் எழுதிய ஒன்பதாவது படிவத்தில் பிழை இல்லை.

மூன்றாம் நாள் ஓட்டையை அடைக்கும் வழியை நாங்களே வெளியிட்டோம். தாடி அதை நான்கு வருடம் முன்பே எழுதி இழுப்பறையில் வைத்திருந்தார். இயக்குநர் மாநாட்டிலிருந்து பாதியில் திரும்பிவந்து, எங்கள் கண்கள் இமைப்பதே இல்லை என்று ஒலிவாங்கி முன்னால் பேசினார். பேசும்போது பதினோரு முறை இமைத்தார். நான் பக்கத்தில் நின்று எண்ணினேன். கருத்துக்கணிப்பில் எழுபத்தொன்று வந்தது. சட்டமும் நிறைவேறியது.

மிச்சம் இருந்தது, தவறு யாருடையது என்ற அறிக்கை. என்னைத்தான் எழுதச் சொன்னார்கள். உறவுக்காரர் சம்பந்தப்பட்டது, வேறு யாராவது எழுதட்டும் என்றேன். "அதனாலதான் நீங்க எழுதணும். பாரபட்சம் இல்லைன்னு ஜனங்களுக்குத் தெரியும்," என்றார் இயக்குநர். எழுதினேன். 'ஏற்கெனவே பாதுகாப்பாகத் துண்டிக்கப்பட்டிருந்த இயந்திரங்களை, கணினிப் பராமரிப்பாளர் எந்த அறிவுறுத்தலும் இன்றித் தன்னிச்சையாக மீண்டும் இணைத்துள்ளார்.' ஒரு வரிதான்.

கைதான அன்று அத்தான் காவல் நிலையத்திலிருந்து கூப்பிட்டார்.

"மாப்ள, யாரு சொல்லி மாட்டினேன்னு குடைஞ்சு குடைஞ்சு கேக்கறாங்க. உன் பேரைச் சொல்லவா?"

"சொன்னா என் வேலை போயிடும் அத்தான். நான் உள்ள இருந்தாத்தானே உங்களுக்கு ஏதாவது பண்ண முடியும்?"



"அதுவும் சரிதான். நீ ஒண்ணும் கவலைப்படாத. அக்காவைப் பாத்துக்க."

நீதிமன்றத்தில் அவர் வாயே திறக்கவில்லை. ரகசியம் காப்பது எப்படி என்று எங்கள் துறைக்கே அவர் வகுப்பெடுக்கலாம். ஆறு வருடம் தண்டனை. இரண்டு முடிந்திருக்கிறது.

இனி நீங்கள் கேட்டதற்கு நேராகவே பதில் சொல்கிறேன். திருட்டுப்போனது தெரிந்தும் படிவத்தில் கையெழுத்துப் போட்டது நான். கேபிளை மாட்டச் சொன்னது நான். சொல்லவில்லை என்று அறிக்கை எழுதியதும் நான். ஏழு பேரையும் நான்தான் கொன்றேன் என்று எழுதிக்கொள்ள விரும்பினால் எழுதிக்கொள்ளுங்கள். வார்த்தை கொஞ்சம் கடுமை, ஆனால் மறுக்க மாட்டேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். இந்த வாக்குமூலத்தின் மேல் உச்ச ரகசிய முத்திரை குத்திவிடுங்கள். இதை மேல்முறையீட்டில் கொடுத்தால் அத்தான் அன்றைக்கே வெளியே வந்துவிடுவார் என்கிறீர்கள். புரிகிறது. நல்ல மனிதர், வரட்டும். அதற்கு வேறு ஏதாவது காரணம் பார்த்துக் கண்டுபிடியுங்கள். அக்கா வாராவாரம் ஒரு மனுவை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வருகிறாள். வருகிற வழியெல்லாம் என் தம்பி இருக்கான், அவன் பாத்துப்பான் என்று சொல்லிக்கொண்டே வருகிறாளாம். எங்கள் கருத்துக்கணிப்பில் யாருக்கும் கிடைக்காத நூற்றுக்கு நூறு அது. அதைப் போய் எப்படி உடைப்பது? என்மீது ஒருவர் வைத்த நம்பிக்கையை நான் இதுவரை கெடுத்ததில்லை.