கருப்பண்ணனின் ரத்தம்

பாடம் எடுத்துப் பழகியவளுக்கு உட்கார்ந்துகொண்டு பேச வராது. நின்றுகொண்டே சொல்லிவிடுகிறேன், மேடம். உங்கள் ஸ்டேஷன் டீ நன்றாக இருந்தது.

என் பெயர் அமுதவல்லி. அரூர்ப் பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் ஆசிரியை. என் மகள் பிரியதர்ஷினி என்மேல் புகார் கொடுத்திருக்கிறாள். அவள் எழுதியதில் பொய் எதுவும் இல்லை. பொய் சொல்ல நான் அவளைப் பழக்கவில்லை.

அறிவியல் மறந்துவிட்டது என்றீர்கள். பரவாயில்லை, சுலபமாகவே சொல்கிறேன். உடம்பில் ஒரு செல் இரண்டாக வேண்டுமென்றால் முதலில் அதற்குள் இருக்கும் டிஎன்ஏ இரண்டாக வேண்டும். அந்த நீள இழையில் எந்த இடத்தில் பிரதி எடுக்கத் தொடங்குவது என்று பார்த்து உட்கார ஆறு புரதங்கள் சேர்ந்த ஒரு கூட்டம் இருக்கிறது. கல்யாண வீட்டில் முகூர்த்தக்கால் நட்ட பிறகுதானே மற்ற வேலைகள்? அப்படித்தான். அந்த ஆறு பேர் உட்கார்ந்தால்தான் மற்றப் புரதங்கள் வந்து சேரும், இழை அவிழும். ஆறில் ஒன்றில் பழுது என்றால் தொடக்கமே தாமதம். பிள்ளை வளராது. காது சிறுத்திருக்கும். முழங்கால் சில்லு இருக்காது.

என் மூத்த மகன் ராஜா அப்படித்தான் பிறந்தான். என் கணவர் தீர்த்தகிரி என் அம்மாவின் கூடப்பிறந்த தம்பி. எங்கள் பக்கம் தாய்மாமனைக் கட்டுவது புதிதல்ல. எங்கள் இருவரிடமும் அதே பழுது ஒளிந்திருந்தது. ராஜா சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடப்பான். காது இரண்டும் மொச்சைக்கொட்டை அளவு. கணக்கில் மட்டும் அவனை யாரும் முந்தியதில்லை. பத்தாம் வகுப்பு படிக்கும்போது ஒரு மழைக்காலத்தில் நெஞ்சுச் சளி முற்றிப் போய்விட்டான். துக்கம் கேட்க வந்தவர்கள் என் காதுபடப் பேசினார்கள். "நல்லதாப் போச்சு உடுங்க. டீச்சருக்கும் ஒரு விடிவு."

அவர்களுக்குப் பந்தி போட்டுச் சோறும் போட்டேன்.

பிரியா வளர்ந்ததும் என் தம்பி தமிழ்மணிக்கே அவளைக் கொடுப்பதென்று முடிவு செய்தேன். நான் இடுப்பில் தூக்கி வளர்த்த தம்பி. அதியமான்கோட்டையில் ஹைவே ஓரம் டயர் கடை வைத்திருக்கிறான். அவனுக்கு என் பேச்சுதான் வேதவாக்கு. பிரியாதான் ஒரே பிடியாக நின்றாள்.

"மாமாவுக்கும் எனக்கும் டெஸ்ட் எடுத்துப் பாத்துட்டுத்தாம்மா கல்யாணம். ரெண்டு பேருக்கும் இருந்தா எனக்கு வேண்டாம். ராஜா மாதிரி ஒன்ன என்னால பாக்க முடியாது."

ராஜா மாதிரி ஒன்று. அண்ணனைத் தம்பிபோல உப்புமூட்டை தூக்கித் திரிந்த பெண் சொன்ன வார்த்தை, மேடம். அன்று அவளை அடித்திருக்கலாம். நான் "சரிம்மா" என்றேன்.

ராஜாவுக்காக ரத்தம் எடுக்கப் பழகியிருந்தேன். அதனால் இருவருக்கும் வீட்டிலேயே நான்தான் எடுத்தேன். ஒருவரிடம் மட்டும் பழுது இருந்தால் பிள்ளைக்கு அந்த நோய் வராது. ஆகவே ஒரு குப்பியை மட்டும் மாற்றினால் போதும். எங்கள் பள்ளி ஆய்வகத்தில் கருப்பண்ணன் என்று ஓர் உதவியாளர் இருக்கிறார். எங்களுக்கு எந்த வகையிலும் சொந்தமில்லை. ஆண் ரத்தமாக இருக்க வேண்டும் என்பதையும் யோசித்துத்தான் அவரைக் கூப்பிட்டேன்.

"எதுக்குங்க டீச்சர்?"

"சக்கரை இருக்குதான்னு பாத்துரலாம், கைய நீட்டுங்க."

அவர் குப்பியில் தமிழ்மணி பெயரை ஒட்டி பிரியாவின் குப்பியோடு பரிசோதனைக்கு அனுப்பினேன். பிரியாவுக்குப் பழுது உண்டு, தமிழ்மணிக்கு இல்லை என்று வந்தது. பாப்பாரப்பட்டியில் கல்யாணம். கருப்பண்ணனும் மொய் வைத்துச் சாப்பிட்டுவிட்டுப் போனார். அவருக்குச் சர்க்கரை இல்லை என்று சொல்லியிருந்தேன். அதை யாரும் பார்க்கவே இல்லை. அவரைப் போய்ச் சோதித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

போன மாதம் பிரியாவுக்குப் பையன் பிறந்தான். அதே காது. பால் இறங்கவில்லை என்று மூக்கில் குழாய் வைத்திருக்கிறார்கள். மருத்துவர்கள் தமிழ்மணியின் ரத்தத்தை மறுபடி எடுத்துப் பார்த்தபோது குட்டு உடைந்தது. பிரியா என்னை ஆஸ்பத்திரி வாசலிலேயே நிறுத்திவிட்டாள். உள்ளே விட்டிருக்கலாம். அந்தக் குழாயை எந்தப் பக்கம் சாய்த்துப் பிடிக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாது. அவளால் வளர்க்க முடியாவிட்டால் என்னிடம் கொடுக்கச் சொல்லுங்கள்.

மன்னிப்புக் கேட்க மாட்டேன். என் பிள்ளை பிறந்திருக்கவே கூடாது என்று ஊரே சொன்னது. கடைசியில் அவன் தங்கையும் சொன்னாள். அதற்கு நான் தலையாட்ட வேண்டுமா?

தமிழ்மணியின் அசல் ரத்தத்தைக் கொட்டிவிட்டேனா என்று கேட்டீர்கள். இல்லை. அதை வேறு பெயரில் வேறு ஊருக்கு அனுப்பி, முடிவு வந்த பிறகுதான் கருப்பண்ணனைக் கூப்பிட்டேன். பழுது இருந்தது. அன்று பாயசம் வைத்தேன். ராஜா திரும்பி வர நாலில் ஒரு வாய்ப்பு என்பது குறைவுதான், மேடம். ஆனால் வேறு யாருக்குக் கொடுத்திருந்தாலும் அந்த ஒன்றுகூட இல்லை. தமிழ்மணிக்குப் பழுது இல்லையென்று வந்திருந்தால் இந்தக் கல்யாணத்தை நானே நிறுத்தியிருப்பேன்.