நெடி வராத மிளகாய்

"ஏழு மிளகாயைச் சுத்தி நெருப்புல போட்டேன். ஒரு தும்மல் வரணுமே!"

திருக்காட்டுப்பள்ளியிலிருந்து தஞ்சாவூர் போகும் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இருந்த அம்மாள் இப்படிச் சொன்னதும் நான் பேப்பரை மடித்துவிட்டேன். பக்கத்தில் இருந்த இளையவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டாள்.

"எதுக்குக்கா சுத்திப் போட்டீங்க?"

"புது டிராக்டருக்குத்தான். எதிர்வீட்டுக்காரி வந்து, 'எவ்வளவு அழகா இருக்கு'ன்னா. மறுநாளே வயல்ல சேத்துல புதைஞ்சு நின்னுடுச்சு."

"சேத்துல புதையாம, ரோட்டுலயாக்கா புதையும்?"

"சிரிக்காதடி. நெடி வரலைன்னா கண்ணு பட்டது நிச்சயம்தானே? ரெண்டு மாசமா அவகிட்ட நான் பேசுறதில்ல."

"அது சரி, என்ன மிளகா போட்டீங்க?"

"கொல்லையில காய்ச்சதுதான். நல்லா நீளமா, பழுத்தா செவசெவன்னு இருக்கும். அதைக் காய வச்சிருந்தேன்."

"ஐயோ அக்கா, அது பஜ்ஜி மிளகா! பச்சையாக் கடிச்சாலே வெள்ளரிப் பிஞ்சு மாதிரி லேசா இனிக்கும். மூட்டையோட கொளுத்தினாலும் நெடி வராது. பாவம், அவங்ககிட்டப் போய்ப் பேசுங்க."

அந்த அம்மாள் ஜன்னல் வழியாக நடவு வயல்களையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். மனசு இளகிவிட்டது என்றுதான் நானும் நினைத்தேன்.

"அந்தச் செடியை நாத்தாக் கொடுத்தது யாருன்னு நினைக்கிற? அவதான்! நெடி வராத மிளகாயாப் பார்த்துக் கொடுத்திருக்கா பாரு!"