கையுறை போட்ட ஏழு நாள்

ஐயா, எழுத்துகள் கோணலும் மாணலுமாக இருப்பதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். நான் எழுதப் பழகிப் பத்து மாதம்தான் ஆகிறது. எழுத்தர் தானே எழுதித் தருவதாகச் சொன்னார். நான்தான் பேனாவைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். என் பெயரையும் கதவு எண்ணையும் படிவத்தின் தலையில் எழுதியிருக்கிறேன். வயது அறுபத்தொன்பது. தொழில், விடுதிகளின் படுக்கை விரிப்புகளை வெளுத்துத் தேய்த்துக் கொடுக்கும் சலவைக்கூடம். என்னிடம் பதினான்கு பேர் வேலை செய்கிறார்கள்.

இன்று காலை முதல் இந்தக் காவல் நிலையத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர் என் கூடத்து மேற்பார்வையாளர். கழுத்தில் எப்போதும் விசில் தொங்குவதால் எல்லோரும் விசிலக்கா என்பார்கள். தேய்க்கும் பெண்ணின் கை சுட்டதை மறைக்கச் சொல்லி அவர் மிரட்டியதாக, அவள் கணவரான லாரி ஓட்டுநர் புகார் கொடுத்திருக்கிறார். நடந்தது அதுவல்ல, பின்வருமாறு.

சுமார் நான்கு மாதங்களுக்கு முன் சுவரில் ஒரு பலகை மாட்டி, ‘விபத்தில்லாத நாள்’ என்று என் கையால் எழுதினேன். நூறு நாள் ஆனால் எல்லோரையும் குடும்பத்தோடு பேருந்தில் கடற்கரைக்கு அழைத்துப் போவதாகச் சொன்னேன். அதன் பிறகு தினமும் பழைய எண்ணை அழித்துப் புதிய எண்ணை எழுதுவதற்காகவே சீக்கிரம் வருவேன்.

எழுபதாம் நாள் வாக்கில் விசிலக்கா வந்து, விரிப்பு தேய்க்கும் இயந்திரத்தின் சூடான உருளைக்கு முன்னால் இருக்கும் கைத்தடுப்புக் கம்பி தளர்ந்திருக்கிறது, இயந்திரத்தை நிறுத்திச் சரிசெய்ய வேண்டும் என்றார். “நூறு முடியட்டும்மா. நாம கடற்கரைக்குப் போற அன்னைக்கு மெஷினும் சும்மாதானே கெடக்கும்” என்றேன். அதன் பிறகும் இரண்டு முறை சொன்னார். இரண்டு முறையும் இதையே சொன்னேன். இதை என்னிடம் யாரும் கேட்கவில்லை, நானாக எழுதுகிறேன்.

தொண்ணூற்று மூன்றாம் நாள் முற்பகலில் கம்பி நழுவி, அந்தப் பெண்ணின் வலது கை உருளையில் பட்டது. நான் அப்போது வாசலில் வண்டிக்கு மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தேன். விசிலக்கா இயந்திரத்தை நிறுத்தி, கையைத் தண்ணீரில் பிடித்து, பின்வாசல் வழியாக மருத்துவரிடம் அழைத்துப் போயிருக்கிறார். சோப்புத்தூள் வாங்கப் போனதாக என்னிடம் சொன்னார்கள். வழியில் அந்தப் பெண், “அக்கா, இன்னும் ஏழு நாள்தான். என்னால பஸ் நின்னுபோச்சுன்னா இந்தக் கூட்டம் என்னையே சோப்புப் போட்டுத் துவைச்சிரும்” என்று அழுதிருக்கிறாள். அதன் பிறகு அக்கா கம்பியை இறுக்கிக் கட்டிவிட்டு, அவளைச் சீட்டு ஒட்டும் மேசைக்கு மாற்றினார். மறைத்தது உண்மை. மிரட்டியது இல்லை.

மறுநாள் பதினான்கு பேரும் கையுறையோடு வந்தார்கள். கட்டுப் போட்ட ஒரு கை தனியாகத் தெரியக்கூடாது என்று செய்த ஏற்பாடு. பாதுகாப்புக்காகப் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்து எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். தேநீரைக்கூடக் கையுறையோடுதான் குடித்தார்கள். என் மனைவியிடம் பெருமையாகச் சொன்னேன். “கையுறையோட டீ குடிக்கிறாங்களா? ஏங்க, உங்க காதுல பூச்சுத்துறாங்க, நீங்களும் காட்டிக்கிட்டு நிக்கிறீங்க” என்றாள். நான் நம்பவில்லை.

நூறாம் நாளான நேற்று முக்காலியில் ஏறிப் பேசினேன். கைதட்டினார்கள். மெத்தையை அடிப்பது போலச் சத்தம் வந்தது. அதன் பிறகு இறங்கி ஒவ்வொருவருக்கும் கைகொடுத்தேன். தேய்க்கும் பெண் இடக்கையை நீட்டினாள். “வலக்கைக்கு என்னம்மா கோபம்?” என்று கேட்டுக்கொண்டே அதைப் பிடித்துக் குலுக்கிவிட்டேன். அவள் அலறினாள். கையுறையைக் கழற்றிக் கட்டைப் பார்த்தேன், நடந்ததை விசிலக்கா சொன்னார். பலகையைக் கழற்றிச் சுவரோடு திருப்பி வைத்தேன். அடிபட்டவள் அடிபட்டேன் என்று சொல்ல முடியாதபடி செய்தது அந்தப் பலகைதான், அதை மாட்டியவன் நான். வழக்கு உண்டென்றால் என் மேல் எழுதுங்கள்.

எட்டு நாள் வெளியூர் ஓட்டம் முடிந்து நேற்று மாலை வந்த கணவர் காயத்தைப் பார்த்துவிட்டு, இன்று காலை புகார் கொடுத்திருக்கிறார். இதை எழுதும்போதே கணவன் மனைவி இருவரும் வந்துவிட்டார்கள். “கேக்காம கொள்ளாம அக்காவைக் கொண்டாந்து உக்கார வெச்சுட்டியே, உனக்கு லாரியில மட்டுந்தான் பிரேக்கா?” என்று அவள் கேட்கிறாள். அவர் புகாரைத் திரும்பப் பெறுவதாகச் சொல்கிறார்.

இயந்திரம் இன்று காலையிலிருந்து நிற்கிறது. கம்பியைச் சரிசெய்து முடித்ததும், அதையும் அடுத்த வாரம் என் கையால் எழுதிக் கொண்டுவந்து தருகிறேன், ஆள் அனுப்ப வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை பேருந்து போகும். எண்ணிக்கை எதுவும் கிடையாது.

நான் எழுதி முடித்தால்தான் விசிலக்காவை அனுப்புவதாக நீங்கள் சொல்லிவிட்டீர்கள். அவர் பெஞ்சிலிருந்து, “முதலாளி, நான் போய் ரெண்டு நடை துவைச்சுட்டு வந்துர்றேன், நீங்க நிதானமா புள்ளி வைங்க” என்கிறார். ஆகவே நிறுத்துகிறேன். மேலே உள்ளதை யார் சொல்லியும் எழுதவில்லை. எழுதியதை நானே ஒருமுறை படித்துப் பார்த்தேன், அத்தனையும் நடந்தது. அவரை அனுப்பிவிடுங்கள்.

(கையொப்பம்)
சலவைக்கூட முதலாளி