ஏழாம் நம்பர் வீட்டில் ஒன்பது பேர்

– இந்த ஒத்தை ரூம்லயா ஒன்பது பேர் இருக்கீங்க?

– பத்து, சார். என்னை விட்டுட்டீங்களே.

– அம்மா, நான் விளையாட வரலை. எங்க கிடங்குல வேலை பார்க்கிற ஒன்பது பேர் பாரத்துலயும் இதே ஏழாம் நம்பர் வீடுதான் விலாசம். நேர்ல போய்ப் பார்த்து எழுதிட்டு வான்னு மேனேஜர் அனுப்பியிருக்கார். பொய்னு தெரிஞ்சா ஒன்பது பேருக்கும் வேலை போயிடும்.

– ஐயோ, பொய்யா! முதல்ல உட்காருங்க சார். அந்தத் துணி மூட்டையைத் தள்ளிட்டு உட்காருங்க. இஸ்திரிப் பெட்டி சூடா இருக்கு, கையைச் சுட்டுக்காதீங்க.

– பேக்கிங்ல நாலு பெண்கள் இருக்காங்க. அவங்க யாரு உங்களுக்கு?

– மூணு பேரு நாத்தனாருங்க. ஒருத்தி ஓரகத்தி.

– லாரியில சரக்கு ஏத்தற மூணு பேர்?

– கொழுந்தனுங்க.

– அதுல ஒருத்தருக்கு ஐம்பத்தெட்டு வயசாகுது.

– அட, அவரு சின்ன மாமனாருங்க. அவசரத்துல சேர்த்துச் சொல்லிட்டேன்.

– கூட்டிப் பெருக்கற ரெண்டு பேர்?

– என் தங்கச்சி. இன்னொண்ணு தங்கச்சி வீட்டுக்காரர்.

– இத்தனை பேரும் எங்கே படுக்கறீங்க?

– உங்க கிடங்கு எப்படி நடக்குது? ஷிஃப்ட்டுதானே? இங்கேயும் அதேதான். பாதிப் பேர் வந்தா பாதிப் பேர் கிளம்பிடுவாங்க. பாய் சுருட்டறதே இல்லைன்னா பார்த்துக்கங்களேன்.

– அலமாரியில ஒரே ஒரு தட்டுதான் இருக்கு.

– கழுவிக் கழுவிச் சாப்பிடறது.

– பின்னாடி யாரோ கதவைத் தட்டுறாங்க.

– காத்து, சார்.

– காத்து அக்கா அக்கான்னு கூப்பிடுமா?

– யாராவது துணி போட வந்திருப்பாங்க. அப்புறம் வரட்டும்.

– அந்தக் கதவைத் திறந்தா எங்கே போகலாம்?

– எங்கேயும் போக முடியாது. அதைத் திறந்தே பல வருஷமாச்சு. துருப்பிடிச்சுக் கெடக்கு.

– தாழ்ப்பாள் பளபளன்னு மின்னுதேம்மா.

– சார், சுத்தி வளைக்காம நேராக் கேளுங்க. என்ன வேணும் உங்களுக்கு?

– போன மாசம் மூணு நாள் விடாம மழை அடிச்சுதே, ஞாபகம் இருக்கா? கிடங்குல பாதிப் பேர் லீவு. இந்த ஒன்பது பேரும் ஒருத்தர் பாக்கியில்லாம வந்தாங்க. எல்லார் காலிலும் முழங்கால் வரைக்கும் சேறு. உங்க தெருவுல தார் ரோடு. சேறு எங்கேருந்து வந்துச்சு?

– மழைன்னா சேறு இல்லாம இருக்குமா சார்?

– இந்தப் பின்கதவுக்கு வெளியே ஓடற கால்வாய்க்கு அந்தப் பக்கத்துலேருந்துதானே?

– ஆமாம், அந்தப் பக்கம்தான். யாரும் எனக்கு நாத்தனாரும் இல்லை, சின்ன மாமனாரும் இல்லை. போதுமா? அந்தத் தெருப் பேரை எழுதினா எந்த ஆபீஸ்லயும் பாரத்தைப் பிரிச்சுக்கூடப் பார்க்கறதில்லை. பேக்கிங்ல கடைசியா சேர்ந்தாளே ஒரு பொண்ணு, அவ பதினோரு இடத்துக்கு எழுதிப் போட்டா. வேணாம்னு சொல்லக்கூட ஒரு பதில் வரலை. அடுத்த பாரத்துல என் வீட்டு நம்பரைப் போடுடின்னேன். அதே பொண்ணு, அதே படிப்பு, அதே கையெழுத்து. நாலே நாள்ல நீங்க கூப்பிட்டீங்க.

– இதுல உங்களுக்கு என்ன வந்தது?

– நான் பொறந்தது அந்தப் பக்கம் சார். கட்டிக் கொடுத்து இங்கே வந்தேன்; வீட்டுக்காரர் இப்ப இல்லை. நடுவுல பத்தடி கால்வாய், குறுக்கே ஒரு பலகை. அதைத் தாண்டி வந்த மறுநாளே முக்குக் கடைக்காரன் என்னை வாங்கம்மான்னு கூப்பிட்டான். முந்தின நாள் வரைக்கும் என் கையையே பார்த்துட்டு இருந்தவன், எதையாவது எடுத்துடுவேனோன்னு. எனக்கு வயிறு எரிஞ்சுது. ஒரு வீட்டு நம்பர்தானே, எழுதிட்டுப் போகட்டுமே, என்ன குறைஞ்சிடப் போகுது?

– இன்டர்வியூவுக்கு அவங்க போட்டுட்டு வந்த சட்டையெல்லாம் நீங்க தேய்ச்சதுதானா? எல்லார் சட்டைக் கையிலயும் ஒரே மாதிரி மடிப்பு.

– அதையும் பார்த்துட்டீங்களா? என்ன கண்ணு சார் உங்களுக்கு! என் மேல என்ன வேணும்னாலும் எழுதுங்க. அவங்க வயித்துல அடிச்சுடாதீங்க. அந்தச் சின்ன மாமனாரு மூணு வருஷம் வேலையில்லாம வாசல்லயே உட்கார்ந்திருந்தவரு. இப்பத்தான் நாலு பேரோட பேசறாரு. உங்க கால்ல விழறேன்.

– ஐயையோ, எழுந்திருங்க! இருங்க, எழுதறதைப் படிக்கிறேன், கேளுங்க. “நேரில் விசாரித்தேன். ஒன்பது பேரும் ஏழாம் நம்பர் வீட்டில்தான் குடியிருக்கிறார்கள். கூட்டுக் குடும்பம்.”

– நிஜமாவா சார்? தெரிஞ்சா உங்க வேலைக்கு உலை வெச்சிட மாட்டாங்களா?

– நான் பொறந்த தெருப் பேரை இன்னைக்கு வரைக்கும் எந்தப் பாரத்துலயும் எழுதினதில்லைக்கா. ஒரு அத்தை வீட்டு விலாசத்தைத்தான் எழுதினேன்.

– சொந்த அத்தையா?

– உங்க நாத்தனாருங்க மாதிரி.

– அட தம்பி! இதை முதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா? என் உசிரே போயிடுச்சு. ஒரு வாய் தண்ணியாவது குடிங்க.

– இருக்கட்டும்கா. இன்னொரு சங்கதி. அடுத்த மாசம் புதுசா ஒரு பிரிவு ஆரம்பிக்கிறோம். பன்னிரண்டு பேர் வேணும். மழையானாலும் வர்ற ஆளா வேணும். உங்க குடும்பத்துல இன்னும் யாராவது இருக்காங்களா?

– என்னோட சேர்த்து இருபத்திரண்டு பேர் ஒரே ரூம்ல இருக்கோம்னா உங்க மேனேஜர் நம்புவாரா?

– எட்டாம் நம்பர் வீட்டுக்காரங்க உங்களுக்குச் சொந்தமா இருக்கக் கூடாதா? மறுபடியும் தட்டுறாங்க பாருங்க.

– நகருங்க தம்பி, பின்கதவைத் திறக்கிறேன்.